டாஷ்போர்டில் ஒரு கீறல்: கைவைத்தியத்திற்கும் எல்லை உண்டு

கடந்த மாதம் வீட்டுக்கு ஓர் இரும்பு அலுமாரித் தட்டு வாங்கினேன். அதை எனது பழைய ஜப்பானியக் காரின் முன் ஆசனத்தில் சரித்து வைத்துக் கொண்டுவந்தபோது, வளைவொன்றில் தட்டு நழுவி, அதன் முனை கையுறைப் பெட்டியின் மூடியில் ஒரு சாண் நீளத்திற்கு வெள்ளைக் கோடு கீறிவிட்டது. கரும்பலகையில் வெண்கட்டியால் இழுத்ததுபோல, காரில் ஏறும்போதெல்லாம் அந்தக் கோடுதான் முதலில் கண்ணில் படுகிறது.

எனது பெறாமகன் கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். "பெரியப்பா, சூடு காட்டினால் கீறல் தன்ரபாட்டிலை மறைஞ்சு போகுமாம்" என்றான். வீட்டில் தலைமுடி உலர்த்தும் கருவி இருந்தது. முதலில் தூரத்தில் பிடித்தேன். மாற்றம் எதுவும் தெரியாததால் நெருக்கிப் பிடித்தேன். கோடு மங்கியது உண்மைதான். ஆனால் அதைச் சுற்றித் தோல் போன்ற நுண்ணிய சுருக்கங்கள் அழிந்து, உள்ளங்கையளவு இடம் வழுவழுவென்று மினுங்கத் தொடங்கியது. ஒரு கீறலை நீக்கப்போய் ஒரு தழும்பை உண்டாக்கிக் கொண்டேன்.

இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். இலங்கையில் 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. திறந்த பின்னரும் வரிச்சுமையினால் விலை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. ஆகவே பதினைந்து, இருபது வருடப் பழைய வாகனங்களைப் பேணிக் காப்பது நம்மில் பலருக்குப் பொழுதுபோக்கு அல்ல, கட்டாயம். சிறிய பழுதுகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் பழக்கத்தை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் செய்யும் கைவைத்தியம் கீறலை விட மோசமானது என்பதே அனுபவத்தில் நான் கண்ட பாடம்.

முதலில் அந்த வெள்ளைக் கோடு என்னவென்று விளங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான சாதாரண கார்களின் உட்பாகங்கள் பொலிபுரொப்பிலீன் என்னும் கடினமான பிளாஸ்டிக்கினால் ஆனவை. அதன் நிறம் மேலே பூசப்பட்டதல்ல, பிளாஸ்டிக்குடன் கலந்தே வார்க்கப்பட்டது. எனவே கீறலுக்குள்ளும் பெரும்பாலும் அதே கறுப்புத்தான் இருக்கிறது. கிழிபட்ட விளிம்புகளில் வெளிச்சம் சிதறுவதால் நமக்கு அது வெள்ளையாகத் தெரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவியதும் கீறல் மறைவதன் இரகசியம் இதுதான். எண்ணெய் பள்ளத்தை நிரப்ப, வெளிச்சம் சிதறுவது குறைகிறது. எண்ணெய் அகன்றதும் கோடு திரும்பி வரும். கூடவே தூசியும் பிசுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே முதல் வேலை துடைப்பது. மிதமான சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த மென்மையான துணியால் துடைத்துப் பாருங்கள். கீறல் என்று நாம் நினைப்பதில் கணிசமானவை வேறு பொருளிலிருந்து உரசி ஒட்டிய தடங்களே. அவை இதிலேயே போய்விடும். ஈரமாக இருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் தோன்றும் கோடு ஆழமற்றது. மினுக்கம் தராத, பிளாஸ்டிக்கிற்கென்றே விற்கப்படும் பராமரிப்புத் திரவத்தைச் சிறிதளவு துணியில் எடுத்துப் பூசினால் சில வாரங்களுக்கு அடங்கியிருக்கும். ஈரத்திலும் மறையாத கோடு ஆழமானது. அதை வீட்டில் முற்றாக நீக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பற்பசை வைத்தியமும் பிரபலமாக இருக்கிறது. பற்பசையில் இருப்பது மெல்லிய தேய்ப்புத் தூள். சுருக்கமுள்ள பரப்பில் அது குழிகளுக்குள் புகுந்து காய்ந்து வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். பளபளப்பான கறுப்புப் பரப்பில் மேலும் மங்கலை உண்டாக்கும். அத்தகைய பளபளப்பான பாகங்களுக்கு மட்டும், பிளாஸ்டிக் பொலிஷை மைக்ரோஃபைபர் துணியில் எடுத்து மெதுவாகத் தேய்த்தால் மெல்லிய கீறல்கள் குறையும். அதையே சுருக்கமுள்ள பரப்பில் செய்தாலோ, சாண்ட் பேப்பர் போட்டாலோ, அழிவது கீறலல்ல, பரப்பின் வடிவமே. உடனடிப் பசைகளும் பொலிபுரொப்பிலீனில் சரியாகப் பிடிப்பதில்லை. சில நாட்களில் உரிந்து முன்னையதிலும் அசிங்கமாகும்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோடை வெயிலில் நிறுத்திய கார்களை அளந்தபோது, ஒரு மணி நேரத்தில் டாஷ்போர்டின் சராசரி வெப்பநிலை சுமார் 69 பாகை செல்சியஸை எட்டியது. அத்தகைய வெயிலைத் தாங்கவே இந்த பிளாஸ்டிக் செய்யப்படுகிறது. அதை இளக்க வேண்டுமானால் அதற்கும் மேலான வெப்பம் தேவை. பொலிபுரொப்பிலீன் உருகுவது சுமார் 160 பாகையில். கடைகளில் விற்கும் ஹீட் கன் 500 பாகைக்கு மேலும் சூடாகும். இளகுவதற்கும் உருகுவதற்கும் இடையே பழக்கமில்லாத கைக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடிகளில்தான் நானும் தவறினேன்.

இவை எல்லாம் அழகு சார்ந்தவை. உயிர் சார்ந்த ஒன்றும் இருக்கிறது. எனது கோடு இன்னும் சற்று மேலே விழுந்திருந்தால், அது எயார்பேக் மூடியின் மீது விழுந்திருக்கும். விபத்தின்போது அந்தப் பை ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்தில், மூடியைக் குறித்த இடத்தில் கிழித்துக்கொண்டு வெளிவர வேண்டும். பல கார்களில் அந்தக் கிழியும் கோடு உட்புறத்தில் மறைந்திருப்பதால் வெளியே தெரிவதில்லை. அதன்மேல் நிரப்பியை வைத்து இறுக்கினாலோ, சூடு காட்டினாலோ, உறையை ஒட்டினாலோ, பை பிழையாக விரியலாம். காய்ந்த நிரப்பித் துண்டுகள் முன்னால் இருப்பவரின் முகத்தில் தெறிக்கலாம். அந்த ஆசனத்தில் அமர்வது பெரும்பாலும் நமது மனைவியோ தாயோதான். எயார்பேக் என்று பொறித்த இடத்தைச் சுற்றி வரும் கீறலைத் துடையுங்கள். அதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள்.

மினுங்கும் தெளிப்பான்களையும் நான் வீட்டுக்குள் விடுவதில்லை. வெயிலில் டாஷ்போர்டின் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து வீதியை மறைக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வாகன விற்பனையாளர் இந்த மினுக்கத்தை வேறு காரணத்திற்காக விரும்புகிறார். வாங்க வருபவர் கீறலைக் காணாமல் இருக்க வேண்டுமாம். இது திருத்தம் அல்ல, மறைப்பு. பத்திரிகையில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடுவது எங்கள் தொழிலின் மரியாதை. பிழை வந்த பக்கத்தை மடித்து வைப்பதை யாரும் திருத்தம் என்று சொல்ல மாட்டார்கள்.

கடைசியில் தெரிந்த கராஜ் ஒன்றில் காட்டினேன். அந்த முதிய மெக்கானிக் விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார். "ஐயா, முதல் என்னட்டைக் கொண்டு வந்திருந்தால் துடைச்சு அனுப்பியிருப்பன். இப்ப மூடியை மாத்திறதுதான் வழி. பழைய பாகங்கள் விற்கிற இடத்திலை தேடிப் பாருங்கோ" என்றார்.

தேடவில்லை. அந்த மூடியை அப்படியே விட்டிருக்கிறேன். காரை விற்கும் நாள் வந்தால், வாங்குபவருக்கு அதை நானே காட்டுவேன். அடுத்த கீறல் விழும் நாளில் ஈரத்துணியை எடுப்பேன். அதற்குப் போகாததை, காரின் வயதோடு சேர்த்து ஏற்றுக்கொள்வேன்.