பட்டாணியும் தேயிலையும்

மலையகத்துப் பாடசாலைகளில் பிறப்புரிமையியல் பாடம் பட்டாணிச் செடியோடு தொடங்குகிறது. நெட்டைச் செடி, குட்டைச் செடி. மஞ்சள் விதை, பச்சை விதை. உருண்டை விதை, சுருங்கிய விதை. கிரெகர் மெண்டல் என்னும் துறவி தம் மடத்துத் தோட்டத்தில் ஆண்டுக் கணக்காக எண்ணிப் பார்த்து 1866இல் வெளியிட்ட முடிவு, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதமாக மாணவரின் நாவில் நிலைத்துவிடுகிறது. பரீட்சையில் அதை எழுதிப் புள்ளியும் பெற்றுவிடுகிறார்கள். ஆனால் அந்த மாணவருள் பட்டாணிச் செடி பூத்துக் காய்த்ததைக் கண்ணாற் கண்டவர் எத்தனை பேர்? ஹட்டனிலும் தலவாக்கலையிலும் வகுப்பறைச் சன்னலைத் திறந்தால் தெரிவது தேயிலை. பரம்பரையைப் பற்றிப் பட்டாணி சொல்லாத பலவற்றைச் சொல்லக் காத்திருக்கும் அந்தச் செடியைப் பாடத்துக்குள் அழைப்பார் இல்லை. இது ஆசிரியர்மீது நான் சுமத்தும் குற்றமன்று. பாடநூல் எங்கோ எழுதப்படுகிறது. தேயிலையோ நம் பாட்டனும் பாட்டியும் கூலிக்கு நட்ட பயிர். அதில் அறிவு இருக்கக்கூடும் என்று நினைக்க நம்மை எவரும் பழக்கவில்லை.

பட்டாணிப் பூ தன் மகரந்தத்தால் தானே கருவுறும். அதனால்தான் தலைமுறை தலைமுறையாக மாறாத தூய வழிகள் மெண்டலுக்குக் கிடைத்தன. கணக்கும் தெளிவாக வந்தது. தேயிலையின் இயல்பு நேர்மாறானது. தன் மகரந்தத்தைத் தானே ஏற்க அது பெரும்பாலும் மறுக்கிறது. பூச்சிகள் வேறொரு செடியிலிருந்து கொண்டுவரும் மகரந்தம் வேண்டும். ஆகவே தேயிலை விதை ஒவ்வொன்றுக்கும் தாய் யாரென்று தெரியும். தந்தை பக்கத்து வரிசையில் நின்ற செடியா, ஓடைக்கு அப்பால் நின்ற செடியா என்பது காற்றுக்கும் வண்டுக்குமே வெளிச்சம். தாயிடமிருந்து பதினைந்து நிறமூர்த்தங்கள், தந்தையிடமிருந்து பதினைந்து. அவற்றின்மேல் அமைந்த பரம்பரையலகுகள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலைத்துப் போடப்படுகின்றன. ஒரே காயினுள் இருந்த இரண்டு விதைகளைப் பிரித்து நட்டாலும், முளைப்பவை உடன்பிறந்தவையே தவிர ஒன்றுபோல் ஆவதில்லை.

மெண்டலின் கட்டுரை வெளியான மறு ஆண்டு, 1867இல், லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அவருக்கும் 1839இலேயே அசாம் விதைகள் பேராதனைப் பூங்காவுக்கு வந்திருந்தன. அதன்பின் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் இம்மலைகளில் பரவிய தேயிலை பெரும்பாலும் விதையிலிருந்து வந்ததே. அகன்ற இலையுடைய அசாம் இனமும், சிறிய தடித்த இலையுடைய சீன இனமும், இரண்டும் கலந்து பிறந்தவையும் ஒரே மலையில் தோளோடு தோள் நிற்கின்றன.

விதைத் தேயிலை மலையொன்றைச் சற்று நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு செடியின் இலை அகன்று தளர்ந்து தொங்கும். பக்கத்துச் செடியின் இலை இருவிரல் அகலத்தில் விறைத்து நிற்கும். ஒன்று மஞ்சள் ஓடிய பச்சை, மற்றது கரும்பச்சை, இன்னொன்றின் கொழுந்தில் செம்மை படர்ந்திருக்கும். கவ்வாத்து வெட்டியபின் ஒரு செடி விரைந்து தழைக்கும். ஒன்று சோம்பிக் கிடக்கும். மழை பொய்த்தால் முதலில் வாடுவது எது, கடைசிவரை கொழுந்து தருவது எது என்பதை அந்த மலையில் ஆண்டுக்கணக்காகக் கொழுந்து பறித்த பெண்கள் அறிவார்கள். அவர்கள் அறிந்ததை எவரும் ஏட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

இந்த வேற்றுமையே ஆலைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தொல்லையாக இருந்தது. ஆகவே விதையை விட்டுத் தண்டுத் துண்டத்துக்கு மாறினார்கள். நல்ல செடி ஒன்றின் கிளையிலிருந்து ஓர் இலையும் அதன் கணுவும் சிறிது தண்டும் வருமாறு வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் உறையில் ஊன்றி, நிழலில் ஓராண்டளவு வளர்த்தால், தாய்ச்செடியின் அச்சு அப்படியே எழுந்து நிற்கும். தோட்டத்து மக்கள் ‘வி.பி. தேயிலை’ என்று சொல்வது இதைத்தான். இங்கே கலப்பு இல்லை, தந்தை இல்லை. எப்போதாவது ஒரு மொட்டில் விகாரம் நேர்ந்து ஒரு கிளை வேறுபடலாம். அது அரிதினும் அரிது. மற்றபடி ஆயிரம் செடி நின்றாலும், பரம்பரையைப் பொறுத்தவரை ஒரே செடியை ஆயிரம் இடத்தில் நட்டதாகவே பொருள்.

1925இல் தொடங்கி, பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் வேரூன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1930களிலேயே இம்முறையைச் சோதித்தது. அசாம் விதையில் பிறந்த ஏ.எஸ்.எம். 4/10 என்னும் செடியின் வித்துகளிலிருந்து தேர்ந்தெடுத்த ரி.ஆர்.ஐ. 2020 வரிசை பின்னர் நாடெங்கும் பரவியது. அவற்றுள் 2025 என்ற எண்ணைத் தோட்டத்தில் அறியாதார் இல்லை. இந்தத் தேர்வைச் செய்தவர்களைக் குறைகூற வேண்டியதில்லை. செடிக்குச் செடி அளந்து, ஆண்டுக்கு ஆண்டு பொறுத்திருந்து செய்த பெரும்பணி அது. நாட்டின் தேயிலை விளைச்சல் உயர்ந்ததற்கு அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால், நாட்டில் உருவாக்கப்பட்ட தேர்வு வகைகளுள் மிகப் பல அந்த ஒரே ஏ.எஸ்.எம். 4/10ஐ மூதாயாகக் கொண்டவை என்பதையும் அதே துறை அறிஞர்களே கவலையோடு எழுதியிருக்கிறார்கள். மலை மலையாகப் பச்சை தெரிகிறது. பின்னோக்கிப் போனால் ஒரு மரத்தின் வாசலில் போய் முடிகிறது.

ஒரே குடும்பமாய் இருப்பதில் என்ன கேடு என்று கேட்கலாம். இக்கேள்விக்கு இம்மலைகளைவிடத் தெளிவாக விடை சொன்ன இடம் உலகில் அதிகம் இல்லை. தேயிலைக்கு முன் இங்கே கோப்பி இருந்தது. கோப்பியின் அராபிக்கா இனம் பட்டாணியைப் போலத் தானே கருவுறுவது. யேமனிலிருந்து பரவிய சிறு வித்துத் தொகுதியின் வழி வந்தது. மலைக்கு மலை, தோட்டத்துக்குத் தோட்டம் ஒரே வார்ப்பு. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் சில இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. இலைத்துரு நோய் என்னும் பூஞ்சணம் அது. ஒரு செடியில் அது கண்ட வழி எல்லாச் செடியிலும் அதற்குத் திறந்திருந்தது. மார்ஷல் வார்ட் என்னும் இளம் அறிஞர் 1880இல் வந்து ஈராண்டு ஆராய்ந்து, காற்றில் வரும் வித்திகளே நோயைப் பரப்புகின்றன என்று காட்டினார். இடைவெளியே இன்றி ஒரே பயிரை மலைமேல் விரித்து வைத்ததுதான் நோய்க்குப் போட்ட பாதை என்பது அவர் ஆராய்ச்சியில் விளங்கியது. அப்போது காலம் கடந்துவிட்டது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. துரைமாருக்கு அது கடன். ஊதியம் நின்றுபோன தோட்டத்து மக்களுக்கு அது பசி. கடல் கடந்து வந்த வழியே திரும்பியவர்கள் பலர். அந்தப் பசியைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. வங்கியைப் பற்றி எழுதப்பட்டது நிறைய.

இன்னொரு சான்றும் உண்டு. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்தது. இளங்கொழுந்தின்மேல் கொப்புளமிட்டு அதை அழுகச் செய்யும் பூஞ்சணம் இது. கோப்பியின் கதை மறுபடியும் நிகழுமோ என்ற அச்சம் எழுந்தது. செப்பு மருந்து தெளித்துக் காத்தார்கள் என்பது உண்மை. ஆயினும் அன்று மலைகளை மூடியிருந்தது விதைத் தேயிலை. நோய் கடுமையாகத் தாக்கிய செடியும் ஓரளவு தாங்கிய செடியும் ஒரே மலையில் இருந்தன. தாங்கக்கூடியதைத் தேர்ந்து பெருக்க வழி இருந்தது. தேர்வு என்பது பலவற்றிலிருந்து எடுப்பது. ஒன்றே இருக்கும் இடத்தில் எதைத் தேர்வது?

இனி, நாளை வரப்போகும் நோயின் பெயர் நமக்குத் தெரியாது. வறட்சியைப் பற்றியாவது ஓரளவு தெரியும். விதையில் முளைத்த செடிக்கு ஆணிவேர் உண்டு. அது ஆழ இறங்கி நீர் தேடும். தண்டுத் துண்டத்தில் வந்ததற்கு ஆணிவேர் இல்லை. மேல்மண்ணில் படரும் வேர்களே அதன் பிடி. பங்குனி வெயிலில் நூறாண்டுச் செடி நிற்பதையும் இளஞ்செடி கருகுவதையும் பார்த்தவர்கள் இதற்குப் புத்தகம் தேட வேண்டியதில்லை.

இத்தனையும் சொன்னபின், பழைய விதைத் தேயிலையை எல்லாம் அப்படியே காக்க வேண்டும் என்று முழங்கிவிட்டுப் போவது எழுத்தாளனுக்கு எளிது. அதற்கு விலை கொடுப்பவர் வேறொருவர். விதைத் தேயிலையின் விளைச்சல் குறைவு. வயதான மலையில் இடையிடையே செடி பட்டுப்போய் வெற்றிடமும் இருக்கும். நாளுக்கு இத்தனை கிலோ என்று கம்பனி வகுத்த கணக்கு எட்டாவிட்டால் அன்றைக்கு ‘அரைப்பேர்’ தான். அட்டை கடிக்கக் காலை முதல் மலையில் நின்ற பெண்ணிடம், ‘அம்மா, நீ பறிக்கும் இந்தச் செடிகள் பரம்பரையலகுகளின் களஞ்சியம்’ என்று சொல்லிப் பாருங்கள். அவள் வி.பி. மலையைக் கேட்பதில் என்ன தவறு? களஞ்சியத்தின் காவற்கூலியை அவள் மடியிலிருந்து எடுப்பது எந்த நியாயத்திலும் சேராது.

ஆகவே நான் கேட்பது முழு மலையையும் அன்று. 1992இல் கம்பனிகளின் நிருவாகத்துக்குப் போன தோட்டங்களில் இன்னும் கணிசமான விதைத் தேயிலை நிற்கிறது. மறுநடுகைக்காக அவற்றைப் பிடுங்குமுன், செடிகளைப் பார்த்துப் பதிந்து, வேறுபட்டவற்றில் துண்டம் எடுத்து வைக்க வேண்டும். தோட்டத்துக்கு ஒரு துண்டு நிலமாவது பழைய மலையாகவே விடப்பட வேண்டும். ஆராய்ச்சி நிலையத்தில் பலவகைச் செடிகளின் சேமிப்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நன்று. ஆனால் ஒரு சேமிப்பில் சில நூறு செடிகளை வைக்கலாம். மலைகளில் நிற்பவை கோடிக்கணக்கானவை, ஒவ்வொன்றும் தனித்தனிக் கலப்பு. 2017இல் சீன அறிஞர்கள் தேயிலையின் மரபுத் தொகுதியை முதன்முதலாக வாசித்து வெளியிட்டார்கள். ஏறக்குறைய முந்நூறு கோடி எழுத்து. மனிதனுடையதற்குச் சமமான நீளம். வாசிக்கும் கருவி இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. இந்த நேரத்தில் ஏடுகளை அடுப்பில் இடுவதா?

ஜப்பானில் யபுகிதா என்ற ஒரே வகை தேயிலை நிலத்தில் பாதிக்கு மேல் பரவிவிட்டது. அங்கும் இப்போது வேறு வகைகளுக்கு வழி தேடுகிறார்கள். கென்யாவில் ஊதா இலைத் தேயிலையைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியிருக்கிறார்கள். நம் மலைகளில் செம்மை ஓடிய கொழுந்துடன் நிற்கும் செடிகளை நாம் எண்ணிக்கூடப் பார்த்ததில்லை.

பரம்பரையைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் கடந்து போக மனம் வரவில்லை. கொழுந்து பறிக்கும் விரல் தோட்டத்துப் பெண்களுக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்றும், படிப்பு அந்தப் பிள்ளைகளின் இரத்தத்தில் இல்லை என்றும் பேசுவோர் இன்றும் உண்டு. படித்தவர்களே பேசுகிறார்கள். அவர்களைத் தேயிலையிடமே அனுப்பலாம். ஒரே தாய்ச்செடியின் துண்டங்களைத் தலவாக்கலைக் குளிரில் ஒன்றும் இரத்தினபுரி வெப்பத்தில் ஒன்றும் நட்டால், வளர்ச்சியும் விளைச்சலும் சாயத்தின் சுவையும் வேறுபடுகின்றன. பரம்பரையலகு எள்ளளவும் மாறாத செடியிலேயே மண்ணும் மழையும் உரமும் இத்தனை செய்யுமானால், லயத்து அறையில் விளக்கின்றிப் படித்த பிள்ளையின் பெறுபேற்றுக்கு இரத்தத்தைக் காரணம் காட்டுவது எந்த விஞ்ஞானம்? விரலின் விரைவு பழக்கத்தால் வருவது. அரைப்பேருக்கு அஞ்சியும் வருவது.

ஆசிரியர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குச் சுற்றுநிருபம் வரவேண்டியதில்லை. பாடசாலைக்கு அருகே விதைத் தேயிலை ஒரு வரிசையும் வி.பி. தேயிலை ஒரு வரிசையும் இருந்தால், மாணவரை அழைத்துச் சென்று வரிசைக்கு ஐம்பது செடி எண்ணச் சொல்லலாம். ஐந்தாம் இலையின் நீளமும் அகலமும், கொழுந்தின் நிறம், இலை நிமிர்ந்ததா தொங்கியதா, பூத்ததா இல்லையா. ஒரு வரிசையில் எண்கள் சிதறிக் கிடக்கும். மற்றதில் நெருங்கி நிற்கும். நெருங்கி நின்றவற்றிலும் எஞ்சும் சிறு வேறுபாடு எதனால் என்று ஒரு மாணவி கேட்டால், அன்றைக்கு அந்த வகுப்பு மெண்டலைக் கடந்து ஓரடி வைத்துவிட்டது. அவள் தாயையோ பாட்டியையோ உடன் அழைத்துவந்து, எந்தச் செடி வறட்சி தாங்கும் என்று காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. அந்தப் பதிவேடு பிடுங்கும் நாளில் பயன்படும்.

காப்பாற்றி வைக்கும் துண்டு நிலத்தின் செலவு யாருடையது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவைத்துவிட வேண்டும். தேயிலை ஏற்றுமதியில் பயன்பெறும் அரசும் கம்பனியும் அதைப் பகிர்ந்துகொள்ளட்டும். அந்த மலைக்குக் கூடையோடு போகிறவர்களுக்குக் கிலோக் கணக்குப் பாராமல் முழுப்பேர் போடப்பட வேண்டும்.