டி-சர்ட்டில் முப்பட்டகம், பஸ்ஸில் பேஸ் கிட்டார்

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் காலை நேரத்தில் நாமக்கல் போகும் ஏதாவது ஒரு தனியார் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். ஜன்னலோர சீட்டில் ஒரு காலேஜ் பையன் இருப்பான். கறுப்பு டி-சர்ட். நெஞ்சில் ஒரு முப்பட்டகம், ஒரு பக்கம் வெள்ளை வெளிச்சம் நுழைந்து மறுபக்கம் வானவில்லாக வெளியே வரும். (இயற்பியல் பாடம் இல்லீங்க. பிங்க் ஃபிளாய்ட் 1973-ல் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தின் அட்டைப்படம். அப்போது அவன் அப்பாவே தொட்டிலில் இருந்திருப்பார்.)

அவனிடம் கேளுங்கள். பேஸ் கிட்டார் யார்? ரோஜர் வாட்டர்ஸ். டிரம்ஸ்? நிக் மேசன். லீட் கிட்டார்? கில்மோர். கீபோர்டு? ரிச்சர்ட் ரைட், பாவம், 2008-ல் போய்ட்டாரு. கேள்வி முடியறதுக்கு முன்னால் பதில் வரும்.

அதே நேரம் அதே பஸ்ஸில், தலைக்கு மேல் இருக்கும் ஸ்பீக்கரில் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் நிலாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். 1982-ல் வந்த படம். இதில் கிட்டார் யார் தம்பி?

"இளையராஜா."

பேஸ்?

"இளையராஜா."

டிரம்ஸ்?

"அதாங்ணா சொன்னேனே, ராஜா சார்."

மல்லூர் தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டு நண்பனிடம் ஒரு பெருமூச்சும் விடுவான். "நம்ம தமிழ்ல பேண்ட்னு ஒண்ணு இல்லவே இல்லடா மச்சி."

சுத்தப் பொய்!

பேண்ட் என்றால் என்ன? சில பேர் ஒரே அறையில் வருஷக்கணக்காகச் சேர்ந்து வாசித்து, ஒருத்தர் கை போகும் இடம் இன்னொருத்தருக்குத் தெரியும் அளவுக்குப் பழகி, கேட்டவுடனே 'இவங்கதான்' என்று கண்டுபிடிக்க முடிகிற ஒரு சத்தத்தை உண்டாக்குவது. சென்னை பிரசாத் ஸ்டூடியோவில் இதுதானே நடந்தது? டிரம்ஸில் புருஷோத்தமன். பேஸ் கிட்டாரில் சசிதரன். கிட்டாரில் சந்திரசேகர், அந்த நிலாப் பாட்டில் கேட்பது அவர் விரல்தான். கீபோர்டில் விஜி மேனுவல். புல்லாங்குழலில் நெப்போலியன், அருண்மொழி என்ற பெயரில் பாடியவரும் இவர்தான். வயலினில் வி.எஸ்.நரசிம்மன். பீட்டில்ஸ் சேர்ந்து ரெக்கார்டிங் செய்தது 1962-லிருந்து 1970 வரை, வெறும் எட்டு வருஷம். இங்கே பல பேர் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு காலம் ஒன்றாக உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். டி-சர்ட் மட்டும்தான் இல்லை.

உடனே ரசிகர் மன்றத்து ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டுவார்கள். "ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நோட்ஸ் எழுதிக் கொடுத்தது ராஜா. மத்தவங்க அதைப் பார்த்து வாசிச்சாங்க, அவ்வளவுதானே?" முதல் பாதி சத்தியமான உண்மை. மொத்தத்தையும் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ரெக்கார்டிங் போகிறவர் அவர், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இரண்டாவது பாதிதான் உதைக்கிறது. சமையல் குறிப்பு எழுதினவரே அடுப்பில் நின்று கிளறியதாகிவிடுமா? அதே நோட்ஸை இன்றைக்கு மேடைக் கச்சேரியில் எத்தனையோ குழுக்கள் எழுத்துப் பிசகாமல் வாசிக்கின்றன. பேஸ் மட்டும் ஏன் பல இடங்களில் சவசவ என்று இருக்கிறது? நோட்ஸில் எழுத முடியாத ஒன்று விரலில் இருக்கிறது, அதனால்தான்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. 1976-ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்னால் ராஜாவே சென்னையில் மற்ற இசையமைப்பாளர்களுக்குக் கிட்டார் வாசித்தவர். சலில் சௌத்ரிக்கு வாசித்திருக்கிறார். அந்தப் பாட்டுகளைக் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கிட்டார்காரன் பெயர் தெரிந்திருக்கும்? பின்னாளில் ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த திலீப் என்ற பையனும் அப்படித்தான். ஏ.ஆர்.ரகுமான் ஆன பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. மற்றவர்கள் இசையமைப்பாளர் ஆகவில்லை, அதனால் பெயரும் இல்லை. என்ன நியாயமோ!

"அதெல்லாம் பழைய ஞாபகம்ப்பா, அப்பா காலத்துப் பாட்டு" என்று ஒதுக்கவும் முடியாது. 2024-ல் 'மஞ்சுமல் பாய்ஸ்' வந்தது. 1991-ல் வந்த 'குணா' பாட்டுக்கு தியேட்டரே ஆடியது. அதே வருஷம் 'லப்பர் பந்து'. 1989-ல் வந்த 'பொன்மனச் செல்வன்' பாட்டைக் காலேஜ் பசங்க தொண்டை கிழியப் பாடினார்கள். பிறப்பதற்குப் பதினைந்து வருஷம் முன்னால் வந்த பாட்டின்மேல் என்ன பழைய ஞாபகம் இருக்க முடியும்? அந்தப் பையனைப் பிடித்தது ஞாபகம் இல்லை, சத்தம். சீட்டுக்கு அடியில் அதிரும் பேஸ், பாடகர் பாடுவதற்குக் கீழே தனியாக இன்னொரு மெட்டுப் போட்டுக்கொண்டே வரும் பேஸ். எந்த வயசுக்காரருக்கும் கால் தானாகத் தாளம் போடும். ராசிபுரம் பாட்டி போடுவார், திருச்செங்கோட்டு ரிக் வண்டி டிரைவர் போடுவார், முப்பட்டகப் பையனும் ஒரு காதில் இயர்போனைக் கழற்றிவிட்டுப் போடுவான்.

பெயர் எங்கே தொலைந்தது? கேசட் காலத்தில் ஒவ்வொரு டவுனிலும் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. கோடு போட்ட தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் 60-லோ 90-லோ பதிந்து கொடுப்பார்கள். அட்டையில் படம் பெயர், பாட்டு, எஸ்.பி.பி, ஜானகி. முடிந்தது. படத்தின் டைட்டிலிலும் பெரும்பாலும் 'இசை' என்று ஒரே கார்டு. ரகுமானின் சிடி அட்டைகளில்தான் வாசித்தவர்கள் பெயரைத் தேடிப் படிக்கும் பழக்கம் இங்கே வந்தது. பேஸ் வாசித்த கீத் பீட்டர்ஸை ஊர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அப்படித்தான்.

பெயர்தானே, போகட்டும் என்று விட முடியாது. பி.காம் படிக்கிறவர்கள் பிசினஸ் லா புத்தகத்தை மூடிவிட்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தைப் பார்க்கலாம். வாத்தியம் வாசிக்கிறவரையும் 'கலைஞர்' என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் சினிமாவுக்கு ஒரு ஆப்பு வைத்திருக்கிறது: படத்தில் ஒருவர் பங்கு சாதாரணமானது, இடையில் வந்து போவது என்று கருதப்பட்டு, தொழில் வழக்கப்படி டைட்டிலிலும் பெயர் வராவிட்டால், அவர் அநேகமாக எந்த உரிமைக்கும் கலைஞராகக் கருதப்பட மாட்டார். பெயர் போடாததே பெயர் போடாததற்குக் காரணமாகிற கணக்கு! 2024 மே மாதம் 'குணா' பாட்டுக்காக ராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. டைட்டிலில் நன்றி போட்டால் போதாது, அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்றது. நியாயமான கோபம். ஆனால் அந்தப் பாட்டில் வாசித்தவர்களுக்கு அந்த நன்றி கார்டுகூடக் கிடையாதே?

அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. மோட்டவுன் கம்பெனியின் ஹிட் பாட்டுகளுக்கெல்லாம் வாசித்தது ஃபங்க் பிரதர்ஸ் என்ற ஒரே கும்பல். இசைத்தட்டில் அவர்கள் பெயர் வரவே 1971 ஆனது. பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1983-ல் இறந்தார். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் வந்தது 2002-ல், கிராமி வாழ்நாள் விருது 2004-ல். அங்கே தாமதமாகவாவது வந்தது.

இங்கே புருஷோத்தமன் 2020 மே மாதம் ஊரடங்குக்கு நடுவில் காலமானார். அன்றைக்கு சேலம்-நாமக்கல் ரோட்டில் பஸ் ஓடவில்லை. திரும்ப ஓட ஆரம்பித்த நாள் முதல் புதுச்சத்திரம் ஸ்டாப்பில் ஆள் ஏற்றும்போதெல்லாம் ஸ்பீக்கரில் அவர்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார். முப்பட்டகப் பையன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நிக் மேசனின் பிறந்த நாள் அவனுக்கு மனப்பாடம்.