வாவிக்கரையில் இரவுச் சாப்பாடு

 

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் கொழும்பு, கண்டி, குருநாகல் பக்கத்துக் குடும்பங்கள் வேன் பிடித்துக்கொண்டு கிழக்கு மாகாணத்துக்கு வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு பாசிக்குடாவில் பெரிய ஹோட்டல்கள் பல எழும்பின. அங்கே அறை எடுக்க வசதிப்படாதவர்கள் மட்டக்களப்பு நகரத்துக்கும் ஏறாவூருக்கும் இடையில் வாவியை அண்டியுள்ள சிறிய விடுதிகளில் தங்கிக்கொண்டு, பகலில் கடலுக்குப் போய் வருகிறார்கள். அப்படித் தன்னாமுனையில் இரண்டு இரவு தங்கிப்போன கண்டிப் பக்கத்துச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். அவர் கேட்டிருப்பது அவருக்கு மட்டுமான கேள்வியல்ல என்பதால் இம்மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

அன்றிரவு அவர்களுக்கு முன்னால் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, விடுதியிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் வாவிக்கரையில் உள்ள உணவகம். மரங்களுக்குக் கீழே மேசை போட்டு விளக்கு ஏற்றியிருந்தார்கள். மீனும் இறாலும் அன்றன்று வாவியில் பிடித்தவை என்று விடுதிக்காரர் சொன்னாராம். ஆனால் உள்ளே ஒரு மூலையில் மதுப் போத்தல்கள் அடுக்கிய அலுமாரியும் இருந்தது. மற்றையது ஏறாவூர் பிரதான வீதியில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. “முஸ்லிம் கடை இருக்க, இதில் யோசிக்க என்ன இருக்கு?” என்று சொல்லிக் கணவர் வேனை ஏறாவூருக்கு விடச் சொன்னார்.

கடையில் சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. இருக்க இடம்தான் இல்லை. கீழே முழுக்க ஆண்கள். மேல்மாடியில் “குடும்ப அறை” என்று பலகை தொங்கியது; உள்ளே மா மூட்டைகளும் உடைந்த கதிரைகளும் கிடந்தன. ஆகவே இந்தச் சகோதரியும் மாமியும் மூன்று பிள்ளைகளும் வேனுக்குள்ளேயே கொத்து ரொட்டிப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். கை கழுவப் போத்தல் தண்ணீர். கணவரும் அவருடைய தம்பியும் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டு, பிளேன்டீயும் குடித்துவிட்டு வந்தார்கள். மூத்த மகள் கேட்டாளாம்: “உம்மா, நாங்க ஏன் உள்ளுக்குப் போகல்ல?”

சகோதரியின் கேள்விகள் இரண்டு. ஹலாலான உணவு கிடைத்த பிறகும் என் மனம் நொந்தது. இது நன்றி கெட்டதனமா, பாவமா? அந்த வாவிக்கரை உணவகத்தில் மீன் மட்டும் சாப்பிட்டிருந்தால் கூடியிருக்குமா?

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஸஹீஹ் முஸ்லிமில் அனஸ் (ரழி) அவர்கள் அறிவிப்பது. நாயகத்தின் அயலவர் ஒருவர் பாரசீகத்துக்காரர். குழம்பு வைப்பதில் கைதேர்ந்தவர். ஒருநாள் நாயகத்துக்காகவே சமைத்துவிட்டு அழைக்க வந்தார். அருகில் இருந்த அன்னை ஆயிஷா (ரழி) அவர்களைச் சுட்டி, இவருக்கும் அழைப்பு உண்டா என்று நாயகம் கேட்டார்கள். அவர் இல்லை என்றார். அப்படியானால் தாமும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் மறுபடியும் அழைத்தார். அதே கேள்வி, அதே பதில், அதே மறுப்பு. மூன்றாம் முறை அவர் சரி என்று சம்மதித்த பிறகுதான் இருவரும் எழுந்து, ஒருவர் பின் ஒருவராக அவர் வீட்டுக்கு நடந்தார்கள்.

கவனித்துப் பாருங்கள். அந்தக் குழம்பு ஹலாலானது. அழைத்தவர் நல்லவர். அப்படியிருந்தும் மனைவிக்கு இடமில்லாத விருந்துக்கு அல்லாஹ்வின் தூதர் போகவில்லை. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இதற்கு விரிவுரை எழுதும்போது, ஆயிஷா நாயகியை விட்டுவிட்டுத் தாம் மட்டும் உணவருந்த நாயகம் விரும்பவில்லை, இது அழகிய இல்லறப் பண்பையும் துணையின் உரிமையையும் சேர்ந்தது என்றே விளக்கம் தருகிறார்கள். நமது மத்ரஸாக்களில் இந்த ஹதீஸை விருந்து பற்றிய பாடத்தில் ஓதிவிட்டுத் தாண்டிப்போகிறோம். ஏறாவூர்க் கடை வாசலில் வேன் நின்றபோது ஞாபகம் வரவேண்டிய ஹதீஸ் இது.

ஆகவே சகோதரியே, உங்கள் மனம் நொந்தது பாவமல்ல. உங்கள் கணவர் ஹலாலைத் தேடினார்; அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டில் ஒன்றைத்தான் அவர் கேட்டார். உணவு கூடுமா என்று பார்த்தார். என்னோடு வந்தவர்கள் எங்கே இருந்து சாப்பிடுவார்கள் என்று பார்க்கவில்லை. வருடம் முழுக்க அடுப்படியில் நிற்கும் மனைவிக்கு விடுமுறையில் கிடைக்கும் ஓய்வு பெரும்பாலும் அந்த ஒரு நேரச் சாப்பாடுதான். அதையும் வேனின் பின் ஆசனத்தில் மடியில் வைத்துச் சாப்பிடச் சொல்வதற்கு மார்க்கத்தின் பெயரைச் சொல்லக்கூடாது. இந்தப் பக்கத்தை உங்கள் கணவர் கண்ணில் படும்படி மேசையில் வைத்துவிடுங்கள்.

இனி வாவிக்கரை உணவகம்.

மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. நாம் குடிக்காவிட்டாலும் குடிப்பவர்களோடு ஒரே மேசையில் இருக்க இடமில்லை என்பது இதிலிருந்து தெளிவு. பக்கத்து மேசையில் போத்தல் திறந்திருக்க, அதைப் பார்த்தபடி பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் பேணுதலான குடும்பத்துக்குத் தகாது. ஆகவே அந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடாமல் விட்டது சரியே.

உட்காராமலே அங்கிருந்து சாப்பாடு எடுத்திருக்கலாமா? இதற்குக் கொஞ்சம் விபரம் வேண்டும். முஸ்லிம் ஒருவர் கொண்டுவரும் இறைச்சியைத் தோண்டித் துருவ வேண்டியதில்லை. புதிதாக இஸ்லாத்துக்கு வந்த சிலர் இறைச்சி கொண்டுவருகிறார்கள், அதில் அல்லாஹ்வின் பெயர் சொன்னார்களா என்று தெரியவில்லையே என்று கேட்கப்பட்டபோது, நீங்கள் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடுங்கள் என்ற கருத்தில் நாயகம் பதில் சொன்னதை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிப்பதாக புகாரியில் காண்கிறோம். தன்னாமுனை கத்தோலிக்க மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். வேதக்காரர் அறுத்தது கூடும் என்று குர்ஆன் பொதுவாக அனுமதித்திருந்தாலும், நமது ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகள் அதற்கு விதிக்கும் நிபந்தனைகளைப் பார்த்தால் நம் நாட்டுக் கிறிஸ்தவர்களை அதில் சேர்ப்பது இலேசான காரியமல்ல. ஆகவே அங்கே கோழி என்றால் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்கத்தான் வேண்டும்.

மீனுக்கும் இறாலுக்கும் அறுப்பு இல்லை. யார் பிடித்தாலும் ஹலால். அங்கே பிரச்சினை மீனில் அல்ல, சட்டியில்தான். அபூ ஸஃலபா (ரழி) என்ற தோழர் தாங்கள் வேதக்காரர் வாழும் பகுதியில் இருப்பதைச் சொல்லி, அவர்களுடைய பாத்திரத்தில் சாப்பிடலாமா என்று கேட்டார். வேறு பாத்திரம் கிடைத்தால் அதில் சாப்பிடுங்கள், கிடைக்காவிட்டால் அதைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள் என்பது நாயகம் கொடுத்த பதிலின் சாரம். பன்றி இறைச்சி பட்ட பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது நமது மத்ஹபின் சட்டம். ஹோட்டல் குசினியில் இதை நாம் போய்ச் செய்ய முடியாது. கேட்க முடியும். “பன்றி சமைக்கிறீர்களா? அந்தத் தாச்சியிலேயே மீனும் பொரிக்கிறீர்களா? எண்ணெய் ஒன்றா? குழம்பில் வைன் ஏதும் ஊற்றுவீர்களா?” இந்த நாலு கேள்வி போதும். ரம் ஊற்றிய புடிங் கொடுக்கும் ஹோட்டல்களும் உண்டு; பிள்ளைகள் இனிப்பு கேட்டால் அதையும் விசாரியுங்கள்.

கேட்கும் விதத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தன்னாமுனைக்கு வடக்கே ஏறாவூர், தெற்கே சத்துருக்கொண்டான். 1990 ஓகஸ்ட் மாதம் ஏறாவூரில் ஒரே இரவில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள், பெண்களும் பிள்ளைகளுமாகக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் அதே போல் நூற்றுக்கு மேற்பட்ட தமிழர்கள், அவர்களிலும் குழந்தைகள். இரண்டு ஊருக்கும் நடுவில்தான் நீங்கள் தங்கிய விடுதி இருக்கிறது. 2019இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்தபோதும் மாவட்டமே உறைந்துபோனது. இத்தனைக்கும் பிறகு அந்த ஊர்க்காரர் ஒருவர் நமக்குச் சாப்பாடு வைக்க முன்வருகிறார். மூக்கைச் சுளித்துக்கொண்டு, பிள்ளைகள் முன்னால் “இவங்கட சாப்பாடு எப்படியோ” என்று பேசாதீர்கள்.

விசாரிக்காமல் சந்தேகப்படுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று நமக்குத் தெரியாததா? 2018 பெப்ரவரி 26ஆம் திகதி அம்பாறையில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சாப்பாட்டுக்குள் மலட்டு மருந்து போடுகிறார்கள் என்று ஒரு கதை கிளம்பியது. கடை அடித்து நொறுக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாச்சத்து என்று தெரியவந்தது. மாக்கட்டி! நம்மைப் பற்றி இப்படிப் பேசப்பட்டபோது எவ்வளவு வலித்தது! ஆகவே கேளுங்கள், முகம் பார்த்து, மரியாதையாக, தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள். ஹோட்டல் நடத்துபவர்களுக்கு இது பழகிய கேள்விதான். உண்மை சொல்கிறவர்கள்தான் அதிகம். “இது உங்களுக்குச் சரிவராது தங்கச்சி” என்று தாங்களாகவே சொன்னவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

சுவரில் “ஹலால்” என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அது கடைக்காரரின் சொல், சான்றிதழ் வேறு. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா 2013இல் ஏற்பட்ட எதிர்ப்பைத் தொடர்ந்து ஹலால் சான்றிதழ் வழங்குவதிலிருந்து விலகிக்கொண்டது. 2014 முதல் அந்தப் பணியைத் தனி நிறுவனம் ஒன்று செய்கிறது. பெரிய ஹோட்டலானால் சான்றிதழைக் காட்டச் சொல்லலாம். சின்னக் கடையில் ஆளைத்தான் கேட்க வேண்டும்.

நமது கடை முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. ஏறாவூர், ஓட்டமாவடி, காத்தான்குடி என்று வழிநெடுக முஸ்லிம் கடைகள். புரியாணியில் குறை சொல்ல முடியாது. வெளியூர்க் குடும்பம் வந்தால் பெண்கள் இருக்க ஒரு மறைப்பு, ஒழுங்கான மலசலகூடம், முகம் கை கழுவ ஓர் இடம், இந்த மூன்றும் எத்தனை கடையில் இருக்கிறது? மா மூட்டையை வேறிடத்தில் அடுக்கி, நாலு கதிரையைப் போட்டு, ஒரு திரையைத் தொங்கவிட்டால் ஆகும் செலவு எவ்வளவு? குடும்பங்கள் வராத கடை என்றால் சரி. “குடும்ப அறை” என்று பலகை எழுதிப் போட்டுவிட்டு அறையைப் பூட்டி வைப்பது வாக்குறுதி மீறுவதில் சேராதா என்று அவர்களே தங்களைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இனி, அடுத்த விடுமுறைக்கு வருபவர்கள் என்ன செய்யலாம்? இரண்டு இடத்தையும் விட்டு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. நீங்கள் தங்கும் விடுதியிலேயே சொல்லி வையுங்கள். இந்த வாவிக்கரைச் சின்ன விடுதிகளில் வீட்டுக்காரப் பெண்களே சமைத்துக் கொடுப்பதுண்டு. தனிச் சட்டியில், புது எண்ணெயில் மீன் சமைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். வேண்டுமானால் ஒரு தாச்சியும் ஒரு போத்தல் எண்ணெயும் வேனில் கொண்டு வாருங்கள். கோழி வேண்டுமென்றால் ஏறாவூரில் அறுத்து வாங்கிக் கொடுக்கலாம், ஐந்தாறு கிலோமீற்றர்தான். விறாந்தையிலோ முற்றத்திலோ பாய் விரித்து, நடுவில் ஒரு சஹனை வைத்து, மாமி முதல் கடைக்குட்டி வரை சுற்றி இருந்து சாப்பிடலாம். பகலிலேயே சொல்லிவிடுங்கள், இரவு எட்டு மணிக்குப் போய் மீன் கேட்டால் ஐஸ் பெட்டியில் இருப்பதுதான் வரும்.

நான்கு முழு நாள் தங்கும் எண்ணமில்லாத, தூரத்திலிருந்து வந்த பயணிகள் மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். மஃரிப் மூன்று ரக்அத், இஷா இரண்டு. சாப்பாடு வைத்தாகிவிட்டது, பசியும் இருக்கிறது என்றால் முதலில் சாப்பிட்டுவிட்டுத் தொழுவதற்கு ஹதீஸில் அனுமதி இருக்கிறது. நேரம் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்டு பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். வாவி நண்டு என்றால் எல்லோருக்கும் ஆசைதான். நிலத்திலும் நீரிலும் வாழ்பவற்றின் வரிசையில் வைத்து அதைக் கூடாது என்று இமாம் நவவி அவர்கள் மின்ஹாஜில் எழுதியிருக்கிறார்கள். நீரில் மட்டும் வாழும் வகையை அனுமதிப்பவர்களும் உண்டு. உங்கள் ஊர் ஆலிமைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். இறாலில் நமக்கு இந்தச் சிக்கல் இல்லை. பிள்ளைகளுக்குக் கொடுவா நல்லது, முள் குறைவு. உறைப்பைக் குறைத்துச் சமைக்கச் சொல்லுங்கள். பொழுது பட்டால் வாவிக்கரையில் நுளம்பு வரும், அதற்கும் ஏதாவது கொண்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.