மைதானமும் ஒரு ஒதுக்குதான்

பி.காம். படிக்கிறவனுக்குக் கட்டிடக்கலையைப் பத்தி என்ன தெரியும்னு கேட்காதீங்க. எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு பள்ளிக்கூட மைதானம்தான்.

2015 டிசம்பர் மழை. உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊர் ஏரியில் கலங்கல் போய்க்கொண்டிருந்தது. கரை தாங்காது என்று சொல்லி, ராத்திரியோடு ராத்திரியாகத் தெருவையே பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பினார்கள். நான் அப்போது ஆறாம் வகுப்பு. கட்டிடத்தில் ஒரு குறையும் இல்லை. மைதானம்தான் ரோட்டைவிடத் தாழ்வு. முழங்கால் அளவு தண்ணீர். அடிபம்பு அதற்குள்ளே. கழிப்பறையோ மைதானத்தின் அந்தக் கோடியில். எங்கள் பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்து அப்பாவும் சித்தப்பாவும் தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளைகளுக்குச் சிரமம் என்று மறுநாள் முழுக்கப் பாட்டி தண்ணீரே குடிக்கவில்லை.

அந்த மைதானத்தை யாரும் யோசித்து அமைக்கவில்லை. கட்டிடம் போக மிச்சமான இடம், அவ்வளவுதான்.

பி.ஆர்க். ஐந்து வருடப் படிப்பு. அதில் ஒரு செமஸ்டராவது மாணவர்களை இந்த மாதிரி ஒரு ஊருக்கு அனுப்பி, "இந்த மைதானத்தில் ஐந்நூறு பேர் மூன்று நாள் தங்கணும், வரைந்து காட்டு" என்று சொன்னால் என்ன? எங்கே மேடாக்குவது, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், அடிபம்புக்கு எவ்வளவு உயரத்தில் திண்ணை, கழிப்பறைக்கு நனையாத பாதை, லாரி உள்ளே வர எத்தனை அடி கேட்... இதெல்லாம் வகுப்பறையில் உட்கார்ந்து தெரியாது. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

ஜப்பானில் சில பூங்காக்களில் பெஞ்சின் பலகையை எடுத்தால் கீழே அடுப்பு இருக்கும். தரையில் உள்ள மூடியைத் திறந்து கூடாரம் போட்டால் கழிப்பறை. மற்ற நாளில் அது சாதாரணப் பூங்காதான். 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட பூங்காக்களில் அவர்கள் அதிக கவனம் செலுத்தினார்கள்.

நமக்கும் இது புதுசு இல்லை. 919, 921-ஆம் ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகள் என்றால் எல்லோரும் குடவோலையை மட்டும் பேசுகிறோம். அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஒரு குழு!

"இதெல்லாம் தாலுகா ஆபீஸ் வேலை" என்று நண்பன் ஒருவன் சொன்னான். அவர்கள் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடலாம், சாப்பாட்டுப் பொட்டலம் தரலாம். வெள்ளம் வந்த ராத்திரியில் மைதானத்தை உயர்த்த முடியுமா? அது வரைபடத்திலேயே இருக்க வேண்டிய விஷயம்.

எங்கள் பாடத்தில் வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்று ஒன்று உண்டு. கடன் வராமல் போகலாம் என்று முன்கூட்டியே லாபத்திலிருந்து ஒதுக்கி வைப்பது. நஷ்டம் வந்தபிறகு ஒதுக்கினால் அது ஒதுக்கே இல்லை. மைதானமும் அப்படித்தான்.

பாட்டி இப்போது இல்லை. மைதானம் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த மழைக்கு முன்னாடி உங்க ஊர் பள்ளிக்கூட மைதானத்தையும் ஒரு தடவை சுத்திப் பாருங்க.