இதில் என்ன லாபம்?

கையால் ஒரு பொருளைச் செய்து பார்ப்பது ஓர் இன்பம். காமிராவால் ஒரு காட்சியைப் பிடித்து வைப்பது இன்னோர் இன்பம். இரண்டுக்கும் விலை கிடையாது. ஆனால், இந்த இன்பத்தைக் கண்டதும் பல வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "இதில் என்ன லாபம்?" என்பதுதான்.

பையன் காலித் தீப்பெட்டிகளை ஒட்டி, ரெயில் வண்டி செய்கிறான். "படிக்கிற பையனுக்கு இது எதற்கு?" என்று அப்பா அதட்டுகிறார்.

சமையல் வேலை முடிந்து, மத்தியான வேளையில் அம்மா வயர் கூடை பின்னுகிறாள். பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்க்கிறாள். "அழகாக இருக்கிறதே! எத்தனை ரூபாய்க்கு விற்பாய்?" என்கிறாள்.

மில் தொழிலாளி ஒருவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரையில் நின்று கொக்கைப் படம் பிடிக்கிறார். "வேறு வேலை இல்லையா, அண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போகிறார் தெரிந்தவர் ஒருவர்.

மூவரும் செய்த குற்றம் ஒன்றே. காசு வராத வேலையை ஆசையோடு செய்தார்கள்!

தொழில் வேறு, பொழுதுபோக்கு வேறு

கைப்பொருளை விற்பது தவறு அல்ல. பாய் பின்னியும், பானை வனைந்தும், கூடை முடைந்தும் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. போட்டோ பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் ஏராளம். அந்த உழைப்பு மதிப்புக்கு உரியது.

ஆனால், தொழில் என்றால் அடுத்தவர் கேட்டபடி செய்ய வேண்டும். நூறு கூடை கேட்டால், நூறும் ஒரே அளவாக இருக்க வேண்டும். சொன்ன தேதியில் கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்குப் படம் பிடிப்பவர், மாப்பிள்ளை தாலி கட்டும் நேரத்தில் மரத்தில் இருக்கும் அணிலைப் படம் பிடிக்க முடியாது!

பொழுதுபோக்கில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கூடை கோணலாக வரலாம். பிரித்து மறுபடி பின்னலாம். பாதியில் நிறுத்தி, அடுத்த மாதம் தொடரலாம். அணிலுக்காக அரைமணி நேரம் காத்திருக்கலாம். நாள் முழுவதும் பிறருக்காக உழைக்கும் மனிதனுக்கு, தன் விருப்பப்படி நடக்கும் நேரம் அது ஒன்றுதான். அதையும் ஏன் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்?

கோலத்துக்குக் கூலி உண்டா?

"வயிற்றுப் பாடே பெரும்பாடாக இருக்கிறது. ஏழை வீட்டில் இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று சிலர் கேட்கலாம்.

வீட்டு வாசலைப் பார்த்தாலே பதில் கிடைக்கும். குடிசை வாசலிலும் கோலம் உண்டு. விடியற்காலையில் தண்ணீர் தெளித்து, புள்ளி வைத்து, இழை இழுத்து ஒரு பெண் கோலம் போடுகிறாள். மார்கழி மாதம் வந்துவிட்டால், முதல் நாள் இரவே நோட்டுப் புத்தகத்தில் போட்டுப் பார்த்துக்கொள்கிறாள். விடிந்து சில மணி நேரத்தில் மாவை எறும்பு தின்கிறது. மீதியை சைக்கிள் சக்கரம் அழிக்கிறது. மறுநாள் மறுபடியும் போடுகிறாள்.

அவளைப் பார்த்து, "இதில் என்ன லாபம்?" என்று யாரும் கேட்பதில்லை. கோலத்துக்குக் காட்டும் அந்தப் பெருந்தன்மையை மற்றக் கைவேலைகளுக்கும் காட்டினால் போதும்.

குப்பையில் பிறந்த தோட்டம்

காசை எண்ணாமல் செய்த வேலை எவ்வளவு பெரியதாக வளரும் என்பதற்கு நேக் சந்த் ஓர் எடுத்துக்காட்டு.

அவர் சண்டிகார் நகரில் ரோடு இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தவர். புதிய நகரம் கட்டுவதற்காகப் பழைய கிராமங்கள் இடிக்கப்பட்டன. உடைந்த ஓடு, பானைச் சில்லு, வளையல் துண்டு என்று எங்கும் குப்பை. வேலை முடிந்ததும் நேக் சந்த் அவற்றைப் பொறுக்கி, சைக்கிளில் வைத்துக் கொண்டுபோவார். ஊருக்கு வெளியே இருந்த காட்டில் ஒளித்து வைப்பார். அவற்றைக் கொண்டு மனிதர், மிருகம், பறவை என்று உருவங்கள் செய்வார்.

1957-ம் ஆண்டு வாக்கில் தொடங்கிய இந்த வேலை, ஏறக்குறைய 18 ஆண்டுகள் அதிகாரிகள் கண்ணில் படாமல் நடந்தது! அந்தக் காட்டில் எதுவும் கட்டக்கூடாது என்பது சட்டம். பின்னர் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது, எல்லாவற்றையும் இடித்துவிடுவார்கள் என்ற நிலை வந்தது. ஆனால், மக்கள் அதை விரும்பினார்கள். 1976-ம் ஆண்டில் அது பொதுத் தோட்டமாகத் திறக்கப்பட்டது. 1984-ம் ஆண்டில் நேக் சந்துக்கு பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. 2015-ல் அவர் மறைந்தார். தோட்டம் இருக்கிறது.

தொடங்கிய நாளில், "இதில் என்ன லாபம்?" என்று அவர் தம்மையே கேட்டிருந்தால், உடைந்த வளையல் குப்பையிலேயே கிடந்திருக்கும்.

48 வயதில் வந்த காமிரா

"இந்த வயதில் எனக்கு எதற்கு?" என்று சொல்பவர்களுக்கு, ஜூலியா மார்கரெட் காமரூன் என்ற பெண்மணி பதில் சொல்லியிருக்கிறார்.

அவர் 1815-ல் கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேயப் பெண். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியபின் இங்கிலாந்தில் இருந்தார். 1863-ம் ஆண்டில் அவருடைய மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 48.

அந்த அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? நிலக்கரி போட்டு வைத்திருந்த அறையைப் படம் கழுவும் இருட்டறை ஆக்கினார். கோழிக்கூட்டை ஸ்டூடியோ ஆக்கினார்! வீட்டு வேலைக்காரப் பெண்ணை உட்கார வைத்து, ஏசுவின் தாயைப்போலப் படம் பிடித்தார். படங்கள் தெளிவாக இல்லை என்று அந்தக் காலத்துப் போட்டோ நிபுணர்கள் குறை கூறினார்கள். அவர் கவலைப்படவில்லை. படங்களை விற்கவும் செய்தார் என்றாலும், அவரைக் காமிராவின் முன் நிறுத்தியது ஆசைதான்.

பின்னர் கணவருடன் இலங்கைக்குக் குடியேறி, அங்கும் சாதாரண உழைப்பாளி மக்களைப் படம் பிடித்தார். 1879-ல் இலங்கையிலேயே காலமானார். இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் அவர் படங்களைப் பாதுகாக்கின்றன.

தமிழ்நாட்டிலும் ஒருவர் இருந்தார். நாவல் ஆசிரியர் அ.மாதவையாவின் மகன் மா.கிருஷ்ணன் (1912-1996). காட்டு விலங்குகளைக் கறுப்பு-வெள்ளையில் படம் பிடித்துப் புகழ் பெற்றவர். வெவ்வேறு காமிராக்களின் பாகங்களை இணைத்து, தமக்கென்று ஒரு கனத்த காமிராவை உருவாக்கிக்கொண்டார். அதற்கு "சூப்பர் பாண்டரோசா" என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். கைவேலையும் போட்டோக் கலையும் அவரிடம் கைகோத்து நின்றன.

படம் ஆயிரம், பார்ப்பது எத்தனை?

இன்று காமிரா இல்லாத தெரு இல்லை. செல்போனிலேயே காமிரா இருக்கிறது. பிலிம் காலத்தில் ஒரு சுருளில் 12 படம் அல்லது 36 படம்தான் எடுக்கலாம். அதனால், ஒரு படம் எடுக்குமுன் நூறு தடவை யோசித்தார்கள். இப்போது ஒரு பிறந்தநாள் விழாவிலேயே நூறு படம் எடுக்கிறார்கள். மறுநாள் அவற்றை யாரும் பார்ப்பதில்லை. செல்போன் தண்ணீரில் விழுந்தால், பாட்டியின் கடைசிப் படமும் அதோடு போய்விடுகிறது.

இதற்கு மருந்து கைவேலைதான். ஆண்டு முழுவதும் எடுத்த படங்களில் இருந்து 24 படங்களை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். வீட்டார் எல்லோரும் கூடி உட்கார்ந்து பொறுக்குவது நல்லது. அவற்றைக் காகிதத்தில் அச்சிட்டு வாங்கி, கெட்டி அட்டைகளில் ஒட்டி, ஊசி நூலால் தைத்தால் ஓர் ஆல்பம் தயார். ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுத வேண்டும். இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட தாய்மார்கள், அந்த எழுத்து வேலையைத் தங்கள் கையாலேயே செய்யலாம். பேரன்-பேத்திகள் அதைப் பார்க்கும்போது, பாட்டியின் முகத்தோடு பாட்டியின் கையெழுத்தும் இருக்கும்.

வீடே காமிரா!

காமிரா வாங்க வசதி இல்லையா? வீட்டு அறையையே காமிரா ஆக்கலாம். லத்தீன் மொழியில் காமிரா என்றாலே அறை என்றுதான் பொருள்.

நல்ல வெயில் நேரத்தில், அறையின் கதவு-சன்னல்களை வெளிச்சம் புகாதபடி அட்டையால் அடைக்க வேண்டும். தெருவைப் பார்த்த சன்னல் அட்டையில், பென்சில் நுழையும் அளவு ஒரே ஒரு துளை போட வேண்டும். எதிரே வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்தால் ஓர் அதிசயம் நடக்கும். தெருவில் போகும் பஸ்சும், மரமும், மனிதரும் துணியில் தலைகீழாகத் தெரிவார்கள்!

மந்திரம் ஒன்றும் இல்லை. ஒளி நேர்கோட்டில் செல்லும். மரத்தின் உச்சியில் இருந்து வரும் ஒளி, துளை வழியாகக் கீழே இறங்குகிறது. அடிமரத்தில் இருந்து வரும் ஒளி மேலே ஏறுகிறது. எனவேதான் தலைகீழ்.

இதைச் செய்த பையன் பின்னாளில் விஞ்ஞானி ஆகலாம், ஆகாமலும் போகலாம். அதைச் சொல்லி இந்த விளையாட்டுக்கு நியாயம் தேட வேண்டியது இல்லை. அன்று மத்தியானம் அவன் மகிழ்ந்தான். தம்பி தங்கைகளையும் மகிழ வைத்தான். அது போதும்.

பெரியவர்கள் செய்ய வேண்டியது

வேலையில் இருந்து ஓய்வு பெற்றபின், பொழுது போகாமல் தவிக்கும் பெரியவர்கள் பலர். கை பழகிய வேலை ஒன்று இருந்தால் அந்தத் தவிப்பு இல்லை. ஆனால், அந்தப் பழக்கம் 60 வயதில் திடீரென்று வந்துவிடாது. பத்து வயதிலேயே, "இது வெட்டி வேலை" என்று கிள்ளி எறியாமல் இருந்தால்தான் வளரும்.

வீட்டில் ஒரு மூலை, வாரத்தில் ஒரு மணி நேரம், ஒரு பழைய அட்டைப் பெட்டி. பிள்ளைக்கு இவை போதும். மனைவிக்கும் அந்த ஒரு மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தில் குழந்தையைக் கணவன் பார்த்துக்கொண்டால் குறைந்துபோக மாட்டான்.

யாராவது தன் கையால் செய்ததைக் கொண்டுவந்து காட்டினால், விலை கேட்க வேண்டாம். லாபமும் கேட்க வேண்டாம். "எப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். சொல்பவர் முகம் மலரும். கேட்பவரும் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம்.