வண்ணம் ஒட்ட மாட்டேன் என்கிறதா? சொரசொரப்பான பலகை வீட்டிலேயே தயார்!



சென்ற இதழில் பழைய காட்டன் புடவைகளைக் கிழித்து மிதியடி பின்னுவது பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை கொஞ்சம் வித்தியாசமான கைவேலை. படம் வரைவதற்கான பலகை தயாரிப்பது. "எனக்குக் கோலத்தைத் தவிர ஒன்றும் வரையத் தெரியாதே" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். கோலம் தெரிந்தால் போதும், மீதியை நான் சொல்கிறேன்.

போன வருஷம் என் பெண் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனாள். அவள் அலமாரியை ஒழித்தபோது ஒரு ஸாஃப்ட் பேஸ்டல் பெட்டி கிடைத்தது. பார்ப்பதற்குக் கலர் சாக்பீஸ் மாதிரி இருக்கும். நல்ல வண்ணப் பொடியைத் துளி பிசின் சேர்த்து உருட்டிய குச்சிகள். குழந்தைகள் வரைகிற ஆயில் பேஸ்டல் வேறு, இது வேறு. அதில் எண்ணெயும் மெழுகும் உண்டு. இதில் அந்தப் பிசுக்கே கிடையாது.

பெட்டியைப் பார்த்ததும் எனக்கு ஓர் ஆசை வந்தது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் என் பிறந்த வீடு. புழக்கடைக் கதவைத் திறந்தால் கிணறு, தென்னை, அதைத் தாண்டி வயல், வயலுக்கு அப்பால் நீலமாகப் பொதிகை மலை. 2019-இல் வயலும் வீடும் கைமாறிவிட்டன. இப்போது அங்கே மனைக் கல் நட்டிருக்கிறார்கள். அம்மா சென்னையில் தம்பி வீட்டில் நாலாவது மாடியில் இருக்கிறாள். அந்தப் புழக்கடையை யாரும் போட்டோ எடுத்து வைக்கவில்லை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போட்டோ எடுப்போம், புழக்கடையை யார் எடுப்பார்கள்? என் மனசிலிருந்து மறைவதற்குள் அதை வரைந்து விட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

அத்தை சொன்ன கணக்கு

சார்ட் பேப்பரில் மலைக்கு நீலம் பூசினேன். அதன்மேல் கொஞ்சம் ஊதா. அதற்கும் மேல் வெள்ளை மேகம் போடப் போனால், ஒட்டவே இல்லை! குச்சி வழுக்கிக் கொண்டு போனது. பூசியதெல்லாம் பொலபொலவென்று மடியில் கொட்டியது. குச்சிதான் மட்டமோ என்று நினைத்தேன்.

எங்கள் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா, மொசைக் தரையில கோலப்பொடி நிக்குமா? சாணி மெழுகுன வாசல்லதான நிக்கும்? உன் பேப்பர் மொசைக் மாதிரில்லா இருக்கு" என்றார்.

ஒரே வாக்கியத்தில் விஷயம் முடிந்துவிட்டது. வழவழப்பான தாள் இரண்டு மூன்று பூச்சுதான் தாங்கும். பேஸ்டல் பொடி தாளுக்குள் ஊறுவதில்லை, மேலேயே உட்காருகிறது. உட்காரக் குழி வேண்டும். அந்தச் சொரசொரப்பு இருந்தால் எட்டுப் பத்துப் பூச்சுகூடப் பூசலாம். இதற்கென்றே மணல் பூச்சுத் தாள்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. விலையைக் கேட்டதும் அந்த எண்ணத்தையே விட்டுவிட்டேன். நாமே செய்து கொள்ளலாம் என்று இறங்கினேன்.

நான் செய்த கூத்து

முதலில் ரவையைப் பசையில் கலந்து அட்டையில் தடவினேன். பார்க்க ஜோராக இருந்தது. மூன்றாம் நாள் அட்டையின் மேல் எறும்பு ஊர்வலம்! தின்கிற பொருள் எதையும் இதில் சேர்க்கக் கூடாது. அரிசி மாவும் அப்படித்தான். பூச்சி வரும், மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கல் கோலப்பொடியை ஒரு பேசினில் கொட்டி, கூடத்தில் ஃபேன் சுழலும்போதே பசையை ஊற்றிக் கிளறினேன். வெள்ளைப் புகை மாதிரி எழும்பியது. படத்தில் உதிர்ந்த பொடியையும் வாயால் ஊதி ஊதித் தள்ளினேன். என் சின்னவனுக்கு மூன்று வயசிலிருந்தே வீசிங் உண்டு. அன்று ராத்திரி இரண்டு மணிக்கு அவனைத் தூக்கிக் கொண்டு ஓடினோம். நெபுலைசர் வைத்த பிறகுதான் மூச்சு சீரானது. டாக்டர், "வீட்டில் என்ன தூசி?" என்று கேட்டபோது நான் தலையைக் குனிந்து கொண்டேன். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பெட்டி பரணுக்குப் போய்விட்டது. ஒரு மாதம் அதைத் தொடவில்லை. ஒருநாள் அத்தையே பேச்சை எடுத்தார். "கோலம் போடுறதுக்கு முன்னால வாசல்ல எதுக்குத் தண்ணி தெளிக்கோம்? தூசி அடங்கத்தான? நீ எல்லாத்தையும் காய்ஞ்சபடிக்கே செஞ்சா பறக்கத்தான் செய்யும்."

அதன் பிறகு எல்லாவற்றையும் ஈரமாகவே செய்யக் கற்றுக் கொண்டேன். அந்த முறைதான் கீழே இருக்கிறது.

தேவையான பொருட்கள்

பலகை: பிள்ளைகளின் பழைய பரீட்சை அட்டை. கிளிப்பைக் கழற்றி விடுங்கள். அல்லது மரக்கடையில் 12க்கு 16 அங்குல அளவில் எம்.டி.எஃப். பலகை.

வெள்ளைப் பூச்சு: 8 மேஜைக் கரண்டி. ஓவியக் கடையில் கிடைக்கும் ஜெஸ்ஸோ உத்தமம். பழகுவதற்கு, சுவருக்கு அடித்து மிஞ்சிய பளபளப்பில்லாத எமல்ஷன் பெயிண்ட் போதும். எனாமல் பெயிண்ட் ஆகாது.

மார்பிள் பொடி: 2 மேஜைக் கரண்டி. இன்னும் கரகரப்பு வேண்டுமானால் பியூமிஸ் பொடி. குதிகால் தேய்க்கும் கல் இருக்கிறதே, அந்த எரிமலைக் கல்லின் மாவுதான் இது.

தண்ணீர்: 2 மேஜைக் கரண்டி. அதற்கு மேல் விட்டால் பிடிப்பு குறைந்து, பொடி பிற்பாடு உதிரும்.

காவிப் பொடி: அரை டீஸ்பூன், கோலத்துக்குக் கரை கட்டுகிற அதே செங்காவி.

இரண்டு அங்குல பிரஷ், உப்புத்தாள், பழைய தயிர் டப்பா, குச்சி. சமையல் பாத்திரமும் கரண்டியும் இதற்கு எடுக்கவே கூடாது.

கடையில் வாங்கும் கல் கோலப்பொடியை நான் இப்போது சேர்ப்பதில்லை. எந்தக் கல்லை அரைத்தது என்று பொட்டலத்தில் இருக்காது. சில கற்களில் சிலிக்கா உண்டு. அந்த நுண்ணிய தூள் வருஷக்கணக்கில் நெஞ்சுக்குள் போனால் நுரையீரல் கெட்டுவிடும். கல் உடைக்கிறவர்களுக்கு வருகிற நோய் அதுதான்.

செய்முறை

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, துணி துவைக்கும் கல்லருகிலோ மொட்டை மாடியிலோ வைத்துக் கொள்ளுங்கள். 2020-இல் கொரோனா நாட்களில் பழகிய என்-95 முகக்கவசத்தைக் கட்டிக் கொள்ளுங்கள். துணிக் கவசம் நுண்தூளைத் தடுக்காது.

பலகை வழவழப்பாக இருந்தால் உப்புத்தாளை நனைத்து லேசாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

டப்பாவில் முதலில் பெயிண்டையும் தண்ணீரையும் கலந்து கொள்ளுங்கள். பிறகு பொடியைக் கரண்டி கரண்டியாக, டப்பாவின் வாய்க்குள் தாழ்த்தி, மெதுவாக விட்டுக் கிளறுங்கள். ஈரத்தில்தான் பொடி விழ வேண்டும், பொடியின்மேல் ஈரத்தை ஊற்றக் கூடாது. காவிப் பொடியைக் கடைசியில் சேருங்கள். தோசை மாவைவிட ஒரு பிடி தளர்வாக இருக்கட்டும். கட்டி இருந்தால் டப்பாவின் ஓரத்தில் வைத்து நசுக்கி விடுங்கள்.

முதல் பூச்சை இடமிருந்து வலமாக இழுங்கள். இரண்டு மணி நேரம் காய்ந்ததும் இரண்டாவது பூச்சை மேலிருந்து கீழாக. பலகை வளையாமல் இருக்கப் பின்பக்கமும் ஒரு பூச்சு கொடுங்கள். ஒருநாள் முழுக்கக் காயட்டும். விரலால் தடவினால், வீட்டுக்காரர் இரண்டு நாள் ஷேவ் செய்யாத கன்னம் மாதிரி இருக்க வேண்டும்! அதைவிடக் கரகரப்பானால் குச்சியைத் தின்றுவிடும், நம் விரல் தோலும் தேயும்.

இந்த அளவுக்கு இரண்டு, மூன்று பலகை வரும். பிரஷ்ஷைப் பழைய துணியில் நன்றாகத் துடைத்த பிறகு கழுவுங்கள். கலவையை அப்படியே தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக் கொள்ளும்.

காட்சிக்கு ஏற்ற பூச்சு

இரண்டு பலகை பழகிய பிறகு ஒரு நயம் செய்து பாருங்கள். கடைசிப் பூச்சில் பிரஷ்ஷின் கோடு அப்படியே தங்கும். தண்ணீர் வரும் இடத்தில் குறுக்காக இழுத்தால் அலை தானே தெரியும். வயல் வரும் இடத்தில் நெடுக்காக இழுத்தால் நாற்றின் சாயல் வரும். மரங்கள் வரும் இடத்தில் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். ஆகாயத்துக்கு மட்டும் கோடு தெரியாமல் மெல்லிசாக.

எதற்குக் காவி என்கிறீர்களா? பச்சைக்குக் கீழே செம்மண் நிறம் இருந்தால் பச்சை உயிரோடு தெரியும். வெள்ளைத் தாளில் பூசிய பச்சை பிளாஸ்டிக் இலை மாதிரி இருக்கும். நம் வயல்களிலும் பயிருக்கு நடுவே மண் தெரிகிறதல்லவா?

வரையும்போது கருத்த நிறங்களை முதலில், வெளிச்சத்தைக் கடைசியில் வையுங்கள். தூரத்து மலை வெளிறிய நீலமாகவும், பக்கத்து மரம் அழுத்தமாகவும் இருந்தால் தூரம் தானாக வந்துவிடும். சாரல் மேகத்துக்குக் குச்சியைப் படுக்க வைத்து லேசாகத் தடவினால் போதும். சொரசொரப்பின் மேடுகளில் மட்டும் வெள்ளை ஒட்டி, கீழிருக்கும் நீலம் இடையிடையே தெரியும்.

படம் சரியாக வரவில்லையா? கவலையே வேண்டாம். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, காய்ந்ததும் அதே பலகையில் மறுபடி வரையலாம். என் முதல் பலகை ஐந்து தடவை குளித்திருக்கிறது.

இளம் தாய்மார்கள் கவனத்துக்கு

பலகையை நிமிர்த்தி, மேல்பக்கம் கொஞ்சம் முன்னால் சாய்ந்தபடி வையுங்கள். கீழே ஈரத்துணியை மடித்துப் போட்டால் உதிர்கிற பொடி அதில் அடங்கிவிடும். ஊதவே கூடாது. ஃபேன் கூடாது. முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

கையை சோப்புப் போட்டு, நகக்கண் உட்படக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்கவோ பால் கொடுக்கவோ வேண்டும். சில உயர்ந்த ரக வண்ணங்களில் காட்மியம் போன்ற உலோகங்கள் இருக்கும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும், நச்சில்லாதது என்று குறித்த பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் வீசிங் உள்ளவர்கள் இருந்தால் அவர்கள் புழங்கும் அறையில் இந்த வேலையே வேண்டாம். பொடி உதிராமலிருக்க அடிக்கும் ஸ்ப்ரேயும் அவர்களுக்கு ஆகாது. நான் அது இல்லாமலே சமாளிக்கிறேன்.

படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடுங்கள். கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவில் அட்டைக் கரை வைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் கண்ணாடி வேண்டாம், அது பொடியைத் தன் பக்கம் இழுத்துக் கொள்ளும். ஈரம் ஏறுகிற சுவரில் மாட்டாதீர்கள். இவ்வளவு கவனித்தால் போதும், பேஸ்டல் வெகுகாலம் இருக்கும். வெனிஸ் நகரத்து ரோசால்பா கரியேரா (1673–1757) என்ற பெண்மணி இந்தக் குச்சிகளால்தான் ஐரோப்பா முழுவதும் பேர் வாங்கினார். அவருடைய அம்மா லேஸ் பின்னுகிறவர். மகள் தீட்டிய முகங்களை இன்றும் மியூசியங்களில் பார்க்கலாம்.

என் புழக்கடைப் படம் தை மாதம் முடிந்தது. சட்டம் போட்டுச் சென்னைக்குக் கொடுத்தனுப்பினேன். அன்று சாயங்காலமே அம்மா போன் செய்தாள். ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு, "கிணத்தடியில தென்னை ரெண்டு போட்டிருக்கியே, மூணுல்லா நின்னுச்சு? உங்க தாத்தா வச்ச குட்டைத் தென்னையை மறந்துட்டியா?" என்றாள்.

மறந்துதான் போயிருந்தேன். அம்மா சொல்லச் சொல்ல, மாட்டுத் தொழுவம், துவைக்கிற கல், வாய்க்கால் ஓரத்துப் பூவரசு என்று எல்லாவற்றையும் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக் கொண்டேன். மாடியில் இப்போது இன்னொரு பலகை காய்ந்து கொண்டிருக்கிறது. சின்னவன் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் தரையைத் துடைத்து விட வேண்டும்.

நீங்களும் ஒரு பரீட்சை அட்டையைத் தேடி எடுங்கள். அடுத்த இதழில், தேங்காய் நாரில் செடித் தொட்டி செய்வது பற்றிப் பார்ப்போம். வரட்டுமா?