டெய்லர் ட்ரிஃப்ட் வருகிறாள், வழி விடுங்கள்!

நம்மூர் லாரிக்குப் பெயர் என்றால் குலசாமி பெயராக இருக்கும். இல்லாவிட்டால் முதலாளியின் பிள்ளைகள் பெயர் வரிசையாக இருக்கும். அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் இருக்கும் மினசோட்டாவில், அரசாங்க லாரிகளுக்கு மக்கள் ஓட்டுப் போட்டுப் பெயர் வைக்கிறார்கள். முன்னால் பெரிய இரும்புப் பலகையைக் கட்டிக்கொண்டு, சாலையில் விழுந்த பனியை ஓரமாகத் தள்ளி, பின்னால் உப்பைத் தூவியபடி போகும் ஆரஞ்சு லாரி. இங்கே அதற்குப் பெயர் ‘ப்ளோ’. ஆமாம், நம் ஏர்தான். மண்ணுக்குப் பதில் பனியை உழுகிறது.

மாநிலப் போக்குவரத்துத் துறையிடம் இப்படி 800 லாரிகளுக்கு மேல் உண்டு. கொரோனாவில் எல்லோரும் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த 2020-21 குளிர்காலத்தில் பெயர்ப் போட்டியை ஆரம்பித்தார்கள். எட்டு மாவட்டம், எட்டுப் பெயர். முதல் வருடம் முதலில் வந்தது ‘ப்ளோவி மெக்ப்ளோஃபேஸ்’. 2016-ல் பிரிட்டனில் ஆராய்ச்சிக் கப்பலுக்குப் பெயர் கேட்டபோது ஜனங்கள் ‘போட்டி மெக்போட்ஃபேஸ்’ என்று குத்தித் தள்ள, அரசாங்கம் பதறிப்போய் டேவிட் அட்டன்பரோவின் பெயரை வைத்தது நினைவிருக்கிறதா? மினசோட்டாக்காரர்கள் பதறவில்லை. ஜெயித்த பெயரை அப்படியே லாரியில் ஒட்டிவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது 2022-ல் வந்த ‘பெட்டி ஒயிட்அவுட்’. காற்றோடு பனி சுழன்றடித்து, எதிரே எதுவும் தெரியாமல் வெள்ளைத் திரை விழுவதுதான் ஒயிட்அவுட். நடிகை பெட்டி ஒயிட், நூறு வயதைத் தொடச் சில வாரங்களே இருந்தபோது 2021 டிசம்பர் 31-ல் இறந்தார். ‘கோல்டன் கேர்ள்ஸ்’ தொடரில் அவர் நடித்த ரோஸ், மினசோட்டாவின் ஒரு கற்பனைக் கிராமத்துப் பெண். அதனால் இந்த ஊர் அவரைத் தன் வீட்டுப் பெண்ணாகவே வைத்திருந்தது. நாம் தெருவுக்குப் பெயர் வைப்போம், சிலை வைப்போம். இவர்கள் லாரிக்கு வைத்தார்கள். சிலையை விட இது மேல் என்பேன். புயல் நாளில் வேலைக்கு வருகிறதே!

வரிப்பணத்தில் இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்களும் உண்டு. நான் தேவை என்கிற கட்சி. நாம் தூங்கும் நேரத்தில், விடிவதற்குள் சாலை திறக்கவேண்டும் என்று ஒருவர் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறார். மெதுவாகத்தான் போகமுடியும். பின்னால் வரும் கார்கள் பொறுமையிழந்து முந்தப் பார்க்கும். லாரி கிளப்பும் பனித்தூளுக்குள் நுழைந்துவிட்டால் முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. பத்துக் கார் நீளம் தள்ளி வாருங்கள் என்று துறை வருடா வருடம் தொண்டை கிழியச் சொல்கிறது. வெறும் லாரி என்றால் ஹாரன் அடிப்பவன், ‘டார்த் ப்ளேடர்’ என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் பின்னாலேயே வருவான் என்பது என் நம்பிக்கை. (வீட்டு வாசலில் பாறை மாதிரி பனியைக் குவித்துவிட்டுப் போகிறதே, அது நகராட்சி லாரி. அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் வேறு பெயர். இங்கே அச்சிட முடியாது.)

டெய்லர் ஸ்விஃப்ட் அலை உலகத்தையே புரட்டிய 2023-24 குளிர்காலத்தில் ‘டெய்லர் ட்ரிஃப்ட்’ ஜெயித்தாள். ட்ரிஃப்ட் என்றால் காற்று கொண்டுவந்து குவிக்கும் பனிமேடு. ஆனால் அந்த வருடம் மேடு கட்டப் பனியே இல்லை! முந்தைய குளிர்காலத்தில் மினியாபொலிஸ் பகுதியில் 90 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. அடுத்த வருடம் சுமார் 30. மாநிலம் கண்டதிலேயே வெப்பமான குளிர்காலம் அது. ஏரிமேல் உறைபனியில் துளை போட்டு மீன் பிடிப்பது இங்கே பரம்பரை வழக்கம். அந்த வருடம் பனிக்கட்டி கனக்கவில்லை. கால் வைக்கவே பயம். மீன் தூண்டில் கடை, ஏரிக்கரை விடுதி எல்லாவற்றுக்கும் வியாபாரம் படுத்தது.

இருபது வருடங்களுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு அமெரிக்காவுக்கு வந்த உலகக் கோப்பை பனிச்சறுக்கு ஓட்டம் பிப்ரவரியில் மினியாபொலிஸில். அதைக் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் ஒருவர் இந்த மண்ணின் வீராங்கனை ஜெஸ்ஸி டிக்கின்ஸ். பூங்காவில் புல் தெரிந்தது. இயந்திரத்தில் பனி செய்து பாதை போட்டார்கள். போட்டிக்குச் சற்று முன்பு நிஜப் பனியே வந்து விழுந்தது. பனியைத் திட்டுவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஊர், அன்றைக்கு அதைத் திருவிழாச் சாமி மாதிரி வரவேற்றது.

அதே வருடப் பட்டியலில் சினிமாவும் பாட்டும் கலக்காத பெயர் ஒன்றும் ஜெயித்தது: ‘வைபாஹிந்தே’. டகோட்டா மொழியில் பனி தள்ளும் வண்டி என்று பொருள். இந்த நிலத்தின் பூர்வகுடிகளின் மொழி அது. மினசோட்டா என்ற பெயரே அவர்கள் கொடுத்ததுதான். நடுவில் வரும் ‘ஹின்’னை மூக்கால் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் பழகிக்கொண்டிருக்கிறோம்.